தாய்ப்பலகையின் உறங்காத மூலை

கணிப்பொறி என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை திரையும் விசைப்பலகையுமே. அவற்றைக் கொண்டுதான் நாம் அதனோடு பேசுகிறோம். ஆகவே அவையே கணிப்பொறி என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் எல்லா வேலையும் நடப்பது பெட்டிக்குள் கிடக்கும் ஒரு பலகையின் மீது. மதர்போர்டு என்று எல்லாரும் சொல்லும் அதற்குத் தாய்ப்பலகை என்ற பெயர் மிகவும் பொருந்தும். கணக்கிடும் பிராசசர், நினைவைத் தாங்கும் ராம், படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு, சேமித்து வைக்கும் வட்டு ஆகிய எல்லாம் அதன் மடியில் அமர்ந்தே உயிர் பெறுகின்றன.

இங்கே நாம் பார்க்கப்போவது ஒர்க்ஸ்டேஷன் எனப்படும் உழைப்பாளிக் கணிப்பொறியின் தாய்ப்பலகை. பாலம் கட்டும் பொறியாளர், திரைப்படத்திற்கு உருவங்களை வரையும் கலைஞர், மருந்தின் மூலக்கூறுகளை ஆராயும் விஞ்ஞானி முதலியோர் கையாளும் கணிப்பொறி அது. ஒரே கணக்கை இரண்டு நாள், மூன்று நாள் ஓயாமல் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டாம் நாள் நள்ளிரவில் அது நின்றுவிட்டால் முதல் நாள் உழைப்பும் போயிற்று! ஆகவே அதன் பலகையை வடிவமைப்போர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. எவ்வளவு விரைவாக ஓடும்? பக்கத்தில் ஆள் இல்லாதபோது கோளாறு நேர்ந்தால் என்ன செய்யும்? முதல் கேள்வியின் விடை பலகையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவதன் விடையோ ஒரு மூலையில், தபால்தலை அளவே உள்ள ஒரு சில்லில் அடங்கியிருக்கிறது.

ஓர் உண்மையான பலகையையே எடுத்துக்கொள்வோம். அசூஸ் நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘ப்ரோ டபிள்யூ.எஸ். டபிள்யூ.ஆர்.எக்ஸ். 80 இ சேஜ்’ என்ற நீண்ட பெயருடைய பலகை அது. பெயர்தான் வாயில் நுழையாது, அமைப்பு தெளிவானது. வழக்கமான ஏ.டி.எக்ஸ். பலகை 30.5 செ.மீ. நீளமும் 24.4 செ.மீ. அகலமும் உடையது. இதுவோ ஏறத்தாழ 31 செ.மீ.க்கு 33 செ.மீ. சாப்பாட்டு இலையொன்றை நறுக்கி விரித்தாற்போல் இருக்கும்.

இலையின் நடுவே பிராசசர் அமரும் இருக்கை. அதில் 4094 மெல்லிய தொடுமுனைகள் உள்ளன. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ‘த்ரெட்ரிப்பர் ப்ரோ’ வகைப் பிராசசர் அங்கே அமர்கிறது. அவ்வகையில் அன்று பெரியதாயிருந்த 3995 டபிள்யூ.எக்ஸ்.-க்கு 64 உள்ளகங்கள். அதாவது 64 பேர் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து கணக்குப் போடுவதற்கு ஒப்பு. இருக்கையின் இருபுறமும் நான்கு நான்காக எட்டு ராம் இடங்கள். அவை ஏன் பிராசசரை ஒட்டியே நிற்கின்றன? இதைச் சற்று நின்று நோக்குவது பயனுடையது.

வெற்றிடத்தில் ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. செல்கிறது. பலகையில் பதித்த செம்புக் கோட்டின் வழியே செல்லும் மின் சைகை அதில் ஏறத்தாழப் பாதி, அதாவது 15 செ.மீ.தான் செல்லும். நானோ விநாடி என்பது விநாடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. அவ்வளவு சிறு பொழுதில் 15 செ.மீ. என்றால் மிக விரைவு என்றே நமக்குத் தோன்றும். ஆனால் இப்பலகையில் பயன்படும் டி.டி.ஆர். 4 வகை ராம், ஒவ்வொரு கோட்டிலும் விநாடிக்கு 320 கோடி சைகைகளைத் தாங்க வல்லது. ஒரு சைகைக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; அதற்குள் அது கடக்கக்கூடிய தூரம் ஐந்து செ.மீ. கூட இல்லை. பக்கத்துக் கோடு ஒரு செ.மீ. நீண்டுவிட்டால் போதும், அதன் சைகை பிந்தி வந்து, ஒரு சொல்லின் எழுத்துகள் முன்னும் பின்னுமாய்ச் சேர்வதுபோல் ஆகிவிடும்.

இதனால்தான் தாய்ப்பலகையை உற்றுப் பார்த்தால் சில கோடுகள் நேராகச் செல்லாமல் பாம்புபோல் வளைந்து வளைந்து போவதைக் காணலாம். அழகுக்காக வரைந்தவை என்று எண்ண வேண்டாம். தேரின் இரு வடங்களையும் ஒரே சீராக இழுத்தால்தானே தேர் கோணாமல் நகரும்? அதுபோலக் கிட்ட இருக்கும் முனைக்குச் செல்லும் கோட்டை வேண்டுமென்றே வளைத்து நீட்டி, எட்ட இருக்கும் முனைக்குச் செல்லும் கோட்டின் நீளத்துக்குச் சமமாக்குகிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது மேலடுக்கு மட்டுமே. அதன் கீழே செம்பும் கண்ணாடி இழையும் மாறிமாறி அமைந்த அடுக்குகள் எத்தனையோ உண்டு.

இத்தகைய பலகைகளின் ராமுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. சாதாரண ராம் 64 பிட்டுகளை ஒரு தொகுதியாக வைக்கும். இங்கே அதனோடு 8 பிட்டுகளைச் சரிபார்ப்புக்கென்று கூடுதலாக வைக்கிறார்கள். ஒரு பிட் மாறிப்போனால் அது எதுவென்று கண்டு திருத்திவிடும். இரண்டு மாறினால் திருத்த இயலாவிட்டாலும் தவறு நேர்ந்துவிட்டது என்று அறிவித்துவிடும். தானாக எப்படி மாறும் என்று கேட்கலாம். 1978-இல் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த டிமோத்தி மே, மர்ரே வுட்ஸ் ஆகிய இருவர் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டு சொன்னார்கள். சில்லைப் பொதிந்திருக்கும் உறையில் மிக நுண்ணிய அளவில் கலந்திருந்த யுரேனியமும் தோரியமும் ஆல்பாத் துகள்களை வீசி நினைவைக் கலைத்தனவாம்! உறைகளைத் தூய்மையாக்கிய பின்னரும் விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதே குறும்பைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. ஒரு புகைப்படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறினால் யாருக்கும் தெரியாது. பாலத்தின் தூண் தாங்கும் எடையில் ஓர் எண் மாறினால்?

பலகையின் கீழ்ப்பாதியில் ஏழு நீண்ட கார்டு இடங்கள் வரிசையாக உள்ளன. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற இவ்விடங்களுக்குப் பிராசசரிலிருந்து நேரே பாதைகள் வருகின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் 16 பாதைகள், ஏழுக்கும் 112. இப்பிராசசர் தருவது 128 பாதைகள் என்பதால் மிச்சம் வட்டுகளுக்கும் பிறவற்றிற்கும் போகிறது. சாதாரண மேசைக் கணிப்பொறியில் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் 16 பாதைகள் முழுமையாகக் கிட்டும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. இடத்துக்கு இடம் இரண்டு செ.மீ.தான் இடைவெளி. இன்றைய பெரிய கிராபிக்ஸ் கார்டுகளோ இரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும் பருமன் உள்ளவை. ஏழு பேர் பந்தியில் நான்கு பேரே அமர முடிகிறது! வாங்குபவர்கள் ஏழு என்ற எண்ணை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். மேற்சொன்ன பிராசசருக்கு 280 வாட் வேண்டும். மின்பெட்டி தருவது 12 வோல்ட். பிராசசர் கேட்பதோ ஒரு வோல்ட் அளவில். வோல்ட் குறையும்போது ஆம்பியர் ஏறவேண்டும் என்பது இயற்பியல் பாடத்தில் நாம் படித்ததே. பெட்டியிலிருந்து 23 ஆம்பியராகக் கிளம்பியது பிராசசரை அடையும்போது 250 ஆம்பியரை எட்டிவிடுகிறது. ஒரே வாய்க்கால் இதைத் தாங்காது. ஆகவே இருக்கையின் ஓரமாகப் பதினாறு சிறு மின்மாற்றுப் பிரிவுகள் அணிவகுத்து நின்று சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றின் தலைமேல் உலோகத் தகடுகள் வெப்பத்தைக் காற்றில் விடுகின்றன.

இனி அந்த மூலைக்கு வருவோம். பலகையின் பின்புறத்தில் புதுமையான துளைகள் பல இருக்க, அவற்றினிடையே பழங்காலத்து வி.ஜி.ஏ. துளை ஒன்றும் இருக்கிறது. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய அமைப்பு அது. பல லட்சம் ரூபாய் பெறும் நவீனக் கணிப்பொறியில் இந்தத் தாத்தாவுக்கு என்ன வேலை? அது பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு உரியது அன்று. பலகையில் குடியிருக்கும் இரண்டாவது கணிப்பொறி ஒன்றின் கண் அது.

ஆம், இப்பலகையில் கணிப்பொறிகள் இரண்டு. பெரியதை அறிவோம். சிறியதற்குப் பி.எம்.சி. என்று பெயர், பலகையின் மேலாளர் என்று தமிழில் சொல்லலாம். தைவான் நாட்டில் 2004-இல் தொடங்கப்பட்ட ஆஸ்பீட் என்ற நிறுவனத்தின் ஏ.எஸ்.டி. 2500 என்ற சில்லு இங்கே அந்த வேலையைப் பார்க்கிறது. அதற்கென்று தனிப் பிராசசர், தனி நினைவு, தனி மென்பொருள், வெளியுலகோடு பேசத் தனி வழி எல்லாம் உண்டு. இவ்வகைச் சில்லுகள் பெரும்பாலானவற்றில் ஓடுவது லினக்ஸ். வேகத்தில் இது நம் கையிலுள்ள கைப்பேசியைவிடத் தாழ்ந்ததே. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு: பெரிய கணிப்பொறியை அணைத்த பின்னும் இது உறங்குவதில்லை.

அணைத்த பின் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1995-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்பிருந்த கணிப்பொறிகளில் பொத்தானை அழுத்தினால், விளக்கை அணைப்பதுபோல, மின்சாரமே அறுந்துவிடும். அவ்வாண்டில் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையில் பொத்தான் வெறும் வேண்டுகோள் ஆயிற்று. அதை அழுத்தினால் பலகைக்குச் சேதி போகிறது. பலகைதான் மின்பெட்டியை எழுப்புகிறது அல்லது அடக்குகிறது. அந்தச் சேதியைக் கேட்பதற்காகவே, கம்பி சுவரில் செருகியிருக்கும்வரை, 5 வோல்ட் மின்சாரம் சிறிதளவு எப்போதும் பலகையில் ஓடிக்கொண்டிருக்கும். மேலாளர்ச் சில்லு உண்டு வாழ்வது இந்தப் பிடிச்சோற்றைத்தான். கம்பியைச் செருகியதும் ஓரிரு நிமிடங்களில் அது ஆயத்தமாகிவிடும். பல பலகைகளில் அதன் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு நாடித்துடிப்புப்போல் மின்னிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

அதே 1995-இல் ஏ.எம்.டி., ஹியூலெட் பாக்கார்ட் நிறுவனங்கள் தொலைவிலிருந்து கணிப்பொறியை எழுப்பும் எளிய வழி ஒன்றை வகுத்தன. ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் ஆறு பைட்டுகள் கொண்ட ஒரு முகவரி உண்டு. அந்த முகவரியைப் பதினாறு முறை திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு சேதியை அனுப்பினால் கணிப்பொறி கண் விழிக்கும். கும்பகர்ணனை எழுப்பியவர்களுக்கு இது தெரிந்திருந்தால் எவ்வளவு பாடு மிஞ்சியிருக்கும்! ஆனால் எழுப்பத்தான் இதனால் முடியும். எழுந்தவன் நலமா, நோயா என்று இது சொல்லாது.

நலம் விசாரிக்கும் வழி 1998-இல் வந்தது. இன்டெல், டெல், ஹியூலெட் பாக்கார்ட், என்.இ.சி. ஆகிய நான்கு நிறுவனங்கள் கூடி ஐ.பி.எம்.ஐ. என்ற பொதுவிதியை வெளியிட்டன. எந்த நிறுவனத்தின் பலகையாயினும் மேலாளர்ச் சில்லிடம் ஒரே மொழியில் பேசலாம் என்பது அதன் பயன். பிராசசரின் வெப்பம் என்ன, விசிறி சுற்றுகிறதா, மின்னழுத்தம் சரியா என்று கேட்கலாம். எந்த நேரத்தில் எந்த ராமில் பிழை தோன்றியது என்று அது தன் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கும், அதைப் படிக்கலாம். கணிப்பொறியை அணைக்கலாம், எழுப்பலாம். குறித்த நேரத்துக்கொருமுறை பெரிய கணிப்பொறி ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்க வேண்டும் என ஏற்பாடு செய்துவிட்டால், குரல் வராதபோது சில்லு தானே அதை மறுபடி தொடக்கிவிடும்.

பொதுவிதிக்கு அப்பாலும் நிறுவனங்கள் இரண்டு வசதிகளைச் சேர்த்தன. ஒன்று, பெரிய கணிப்பொறியின் திரையை அப்படியே தொலைவுக்கு அனுப்பி, அங்கே தட்டும் விசைகளை இங்கே கொண்டுவந்து சேர்ப்பது. வின்டோஸோ லினக்ஸோ தொடங்குவதற்கு முன்பு தோன்றும் முதல் எழுத்துகளைக்கூட நாம் பல நூறு கல் தொலைவிலிருந்து காண முடிகிறது. மற்றொன்று, நம் வீட்டுக் கணிப்பொறியில் இருக்கும் ஒரு கோப்பை அங்கே செருகிய பென் டிரைவ் போலக் காட்டுவது. அதைக் கொண்டு தொலைவிலுள்ள கணிப்பொறிக்கு அடிப்படை மென்பொருளையே புதிதாக ஏற்றிவிடலாம். ஒர்க்ஸ்டேஷன் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில்லு தொலைவுக்கு அனுப்புவது தன்னுடைய சிறிய வி.ஜி.ஏ. திரையை மட்டுமே. வேலைத்திரை பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு மாறிவிட்டால் தொலைவில் இருப்பவருக்கு வெறும் இருட்டே தெரியும். வாங்கியவர்கள் பலர் இதை அறியாமல் பலகையைக் குறை சொல்வதுண்டு.

இவற்றுக்கெல்லாம் அவ்வளவு தேவை உண்டா என்று கேட்போருக்கு 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் விடை சொல்லிற்று. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பினால் உலகெங்கும் வின்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றன. 85 லட்சம் என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின; மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. மருந்தென்னவோ எளியதுதான். கணிப்பொறியைப் பாதுகாப்பு நிலையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை நீக்கிவிட்டால் போதும். ஆனால் வின்டோஸே எழவில்லையே, தொலைவிலிருந்து யாரிடம் சொல்வது? ஊழியர்கள் ஏணியும் விசைப்பலகையுமாக ஒவ்வொரு கணிப்பொறியாகத் தேடிப் போனார்கள். மேலாளர்ச் சில்லோ, இன்டெல் நிறுவனம் 2006 முதல் அலுவலகக் கணிப்பொறிகளில் வைத்துவரும் ஏ.எம்.டி. என்ற அதன் உறவினமோ இருந்த இடங்களில், வின்டோஸ் மயங்கிக் கிடந்தாலும் தொலைவிலிருந்து திரையைக் கண்டு அதே வேலையைச் செய்ய வழி இருந்தது. (மேலே சொன்ன ஏ.எம்.டி. நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல் அமைந்துவிடுகின்றன.)

இவ்வளவு அதிகாரம் உள்ள ஒருவரிடம் வீட்டுச் சாவி இருக்கிறது என்றால், அச்சாவி யார் கையில் சிக்கும் என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும் அல்லவா? மேலாளர்ச் சில்லைக் கைப்பற்றியவர் கணிப்பொறியின் எதிரே நாற்காலி போட்டு அமர்ந்தவருக்குச் சமம். பெரிய கணிப்பொறியில் எத்தனை பாதுகாப்பு மென்பொருள் இருந்தாலும் அவை இவரைக் காணா. ஏனெனில் இவர் அவற்றுக்கும் அடியில் இருக்கிறார்.

2013-இல் டான் ஃபார்மர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் ஐ.பி.எம்.ஐ. முறையை ஆராய்ந்து அதன் குறைகளை விரித்து எழுதினார். அவற்றுள் ஒன்று வியப்புக்குரியது. 2004-இல் வந்த இரண்டாம் பதிப்பின் விதிப்படி, பயனர் பெயரை மட்டும் சரியாகச் சொன்னால் போதும். கடவுச்சொல்லைக் கேட்பதற்கு முன்பே சில்லு அக்கடவுச்சொல்லை அரைத்த மாவைக் கொண்டுவந்து கொடுத்துவிடும். மாவை மறுபடி அரிசியாக்க முடியாதுதான். ஆனால் வந்தவர் தன் வீட்டுக்குப் போய், வேறு வேறு சொற்களை அதே இயந்திரத்தில் அரைத்து, எந்த மாவு இதனோடு ஒக்கிறது என்று சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கலாமே! கோளாறு விதியிலேயே இருப்பதால் ஒரு நிறுவனம் தனியாகத் திருத்திவிட முடியாது. கடவுச்சொல்லை நீளமாக வைப்பதே வழி; அதற்கும் அவ்விதி 20 எழுத்துகளுக்கு மேல் இடம் தரவில்லை.

2017-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வந்தன. மே மாதத்தில் இன்டெல் நிறுவனம் தன் தொலைமேலாண்மை அமைப்பில் ஒரு பிழை இருப்பதை அறிவித்தது. கடவுச்சொல்லுக்கு விடையாக ஒன்றுமே சொல்லாமல் வெறுமையை அனுப்பினால் கதவு திறந்துகொண்டது. வந்த விடை எத்தனை எழுத்தோ அத்தனை எழுத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார் என்று எழுதியிருந்தார்கள். பூஜ்யம் எழுத்து வந்தால் பூஜ்யம் எழுத்து ஒப்பிடப்படும், பிழையே தென்படாது! ஆகஸ்டு மாதத்தில் ஹியூலெட் பாக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனத்தின் ‘ஐ.எல்.ஓ. 4’ என்ற அமைப்புக்குத் திருத்தம் வந்தது. அனுப்பும் சேதியின் ஒரு பகுதியில் ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்தை 29 முறை எழுதினால், பெயரும் வேண்டாம், சொல்லும் வேண்டாம், உள்ளே போய்விடலாம் என்று ஆய்வாளர்கள் கண்டிருந்தனர். இவை பழங்கதைகள் என்று தள்ளிவிடவும் இயலாது. ஏ.எம்.ஐ. நிறுவனம் எழுதிப் பல பலகைகளில் ஓடும் மென்பொருளில் பத்துக்குப் பத்து என்று மதிப்பிடப்பட்ட பிழை ஒன்று கண்டறியப்பட்டது. அதைத் தீயோர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர் என்று 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு முகமை தன் பட்டியலில் சேர்த்தது.

எளிய குறைகளும் இருந்தன. நெடுங்காலம் சில நிறுவனங்களின் பலகைகள் எல்லாம் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் தாங்கியே கடைக்கு வந்தன. 2020 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம் அவ்வாறு செய்வதைத் தடுத்தது. அதன்பின் பலகைக்குப் பலகை வேறு வேறு சொல்லை அச்சிட்டு ஒட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. அந்தத் துண்டுச் சீட்டைக் குப்பையில் போட்டுவிட்டுத் தவிப்போரும் உண்டு.

பலகையின் அமைப்பும் இங்கே முக்கியமாகிறது. மேலாளர்ச் சில்லுக்கென்று தனி நெட்வொர்க் துளை ஒன்று பின்புறத்தில் இருக்கும். அதைப் பொது இணையத்தோடு சேராத தனிக் கம்பிவழியில் இணைப்பதே முறை. ‘எனக்கு இந்த வசதி வேண்டாம்’ என்று அத்துளையை வெறுமையாக விட்டுவிடுபவர்களைச் சில பலகைகள் ஏமாற்றிவிடுகின்றன. தன் துளையில் கம்பி இல்லையென்று கண்டால், சில்லு சத்தமின்றிப் பெரிய கணிப்பொறியின் துளைக்கே மாறிக்கொண்டு அதன் வழியே பேசத் தொடங்கிவிடும். பலகையோடு வரும் கையேட்டில் இது இரண்டு வரியில் எழுதப்பட்டிருக்கும். வேண்டாதவர்கள் அமைப்புப் பக்கத்தில் சென்று அந்த மாற்றத்தைத் தடுக்க வேண்டும். சில பலகைகளில் சில்லையே அடக்கி வைக்க ஒரு ஜம்பரும் தரப்பட்டிருக்கிறது.

தனி வழி என்றால் உண்மையாகவே தனியாக இருக்க வேண்டும். 2021 அக்டோபர் 4-ஆம் நாள் ஃபேஸ்புக் நிறுவனத்தின் நெட்வொர்க் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகத்தின் பார்வையிலிருந்தே மறைந்துபோயிற்று. முதன்மை வழியோடு, இத்தகைய நெருக்கடிக்கென்று வைத்திருந்த மாற்று வழியும் சேர்ந்து அடைபட்டதால், பொறியாளர்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று என்று அந்நிறுவனமே பின்னர் எழுதிற்று. அங்கே போன பின்பும் கட்டடங்களின் கடுமையான காவலைக் கடந்து உள்ளே செல்ல நேரம் பிடித்தது.

நல்ல மாற்றங்களும் வராமல் இல்லை. 2015-இல் டி.எம்.டி.எஃப். என்ற தொழில் அமைப்பு ‘ரெட்ஃபிஷ்’ என்னும் புதிய பொதுவிதியை வெளியிட்டது. வங்கிகளின் இணையப் பக்கங்கள் கையாளும் மறைமொழி வழியிலேயே அது பேசுகிறது. சில்லுக்குள் ஓடும் மென்பொருளை யாரும் படித்துப் பார்க்கும்படி திறந்து வைக்கும் ‘ஓபன் பி.எம்.சி.’ என்ற முயற்சி 2018 முதல் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் நடைபெறுகிறது. பூட்டைச் செய்பவர் மட்டுமின்றி வெளியாரும் அதைச் சோதித்துப் பார்ப்பது நன்மையே என்பது நம் கருத்து.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. பழைய ஒர்க்ஸ்டேஷன்கள் கைமாறி, கல்லூரிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் மலிவான விலையில் வருகின்றன. விற்பவர் வட்டைக் கழற்றி எடுத்துக்கொள்வார். அல்லது அதைத் துடைத்துச் சுத்தமாக்கிவிடுவார். ஆனால் மேலாளர்ச் சில்லின் கணக்குகளும், நெட்வொர்க் முகவரிகளும், குறிப்பேடும் அந்த வட்டில் இல்லை. சில்லின் பக்கத்திலுள்ள தனி நினைவில் இருக்கின்றன. வட்டோடு அவை போவதில்லை. கம்பியைப் பிடுங்கினாலும் அழிவதில்லை. ஆகவே விற்பவர் கணிப்பொறியைக் கொடுப்பதற்கு முன்பும், வாங்கியவர் அதை நெட்வொர்க்கில் இணைப்பதற்கு முன்பும், சில்லின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று, அதைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்ப வேண்டும். பிறகு அதன் மென்பொருளின் அண்மைப் பதிப்பை ஏற்றி, பயனர் பட்டியலில் தமக்குத் தெரியாத பெயர் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேர வேலைதான்.